அந்த மரத்தைக் கடைசியாகப் பார்த்தது யார்?

தோட்டத்தில் அந்தப் பெரிய மரம் விழுந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று தோட்ட நிர்வாகம் வெளியிட்ட விளக்க அறிக்கையைப் படித்த பிறகு முடியவில்லை. மரம் எதிர்பாராமல் சாய்ந்துவிட்டதாம். வயதாகிவிட்டதாம். அதனால் பாதுகாப்பு கருதி அதே வரிசையில் நிற்கும் மற்ற நான்கு மரங்களையும் வெட்டப் போகிறார்களாம்.

படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முறிந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அடிமரம் வேரோடு சேரும் இடத்தில் உள்கட்டை வெளுத்து, நார் நாராகப் பிரிந்து கிடக்கிறது. ஓரத்தில் கையகலத்துக்குக் காய்ந்த காளான். இது ஒரு ராத்திரியில் வந்த அழுகல் இல்லை, பல வருஷத்து வேலை. அவர்கள் "எதிர்பாராமல்" என்று எழுதிய இடத்தில் நான் "யாரும் பார்க்காமல்" என்றுதான் படிக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த மரத்தைக் கடைசியாகப் பரிசோதித்தது யார், எந்தத் தேதியில், என்ன எழுதி வைத்தார்?

மரம் சொல்லாமல் விழுவது அபூர்வம். அடியில் காளான் வரும். உச்சிக் கிளைகள் இலையில்லாமல் காயும். சாய்ந்த மரத்தின் பின்பக்கம் மண் வெடிக்கும். உள்ளே பலவீனமான இடத்தில் மரம் கூடுதலாகக் கட்டை வளர்த்து ஈடுகட்டப் பார்க்கும். வெளியே தெரியும் வீக்கமும் புடைப்பும் அதன் அடையாளம். ஜெர்மனி ஆய்வாளர் கிளவுஸ் மாத்தெக் இதை வைத்துக் கண்ணால் பார்த்தே மரத்தை மதிப்பிடும் முறையை வகுத்துக் கொடுத்தார். சந்தேகம் வந்தால் சுற்றிலும் சென்சார் பொருத்தி, ஒலி உள்ளே கடக்கும் நேரத்தை அளந்து, அழுகல் எங்கே என்று படமாகக் காட்டும் கருவி இருக்கிறது. அதுகூட இரண்டாவது வேலைதான். முதல் வேலை, மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்ப்பது.

பொந்து விழுந்தாலே வெட்ட வேண்டும் என்பதும் சரியில்லை. காயத்தைச் சுற்றி மரம் உள்ளே சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கும் என்று அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977லேயே விளக்கிவிட்டார். சுற்றிலும் போதுமான கனத்தில் நல்ல கட்டை இருந்தால் உள்ளே கூடான மரமும் பல காலம் நிற்கும். கொல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டது, அப்புறம் காளான் பிடித்தது. 1925ல் அழுகிய நடு அடிமரத்தை மட்டும் எடுத்தார்கள். மரம் இன்றும் விழுதுகளின் மேல் நிற்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். பல வருஷத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் மரங்களுக்கு எண் போட்டு, சுற்றளவு எடுக்கும் வேலைக்குத் தன்னார்வலராகப் போனேன். அங்கிருந்த மூத்த தோட்டக்காரர் ஒரு மரச்சுத்தியலைக் கையில் கொடுத்து, "தட்டிப் பாருங்க தம்பி" என்றார். முதல் மரம் டொக்கென்றது. அடுத்த மரத்தில் முழங்கால் உயரத்தில் தட்டியபோது பொத்தென்றது, பானையைத் தட்டியதுபோல. குனிந்து பார்த்தால் வேரிடுக்கில் அரக்குப் பூசியது மாதிரி பளபளக்கும் பழுப்புக் காளான். எழுதிக் கொடுத்தோம். பார்க்கலாம் என்றார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அந்த மரம் விழுந்தது. கீழே இருந்த பெஞ்ச் தரையோடு அமுங்கிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் "உனக்கு மனுஷ உயிரைவிட மரம்தான் பெரிது" என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். அது எனக்கு வலிக்கிறது. உயிர் பெரிது என்பதால்தான் பார்க்கச் சொல்கிறேன். ஆபத்து என்பது மரம் மட்டும் இல்லை, அதன் கீழே யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான். பெஞ்சை நகர்த்தலாம், பாதையைத் திருப்பலாம், வேலி போடலாம், கிளையின் பாரத்தைக் குறைக்கலாம். இதெல்லாம் செய்தும் முடியாவிட்டால் வெட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

"பரிசோதித்தாலும் விழத்தானே செய்கிறது?" சரி, விழும். மரங்களைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கும் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலேயே 2012ல் லெபனான் தேவதாருவின் கிளை முறிந்து ஒரு பெண் இறந்துபோனார். எந்தப் பரிசோதனையும் முழு உத்தரவாதம் தராது. ஆனால் பார்த்தும் கண்ணில் படாமல் போனதும், பார்க்கவே இல்லை என்பதும் ஒன்றா? ஆள் இல்லை, நேரம் இல்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வெட்டுவதற்கு மட்டும் ஆள் எப்படி வந்தார்கள்?

அதே கியூவில் 1987 அக்டோபர் புயல் ஒரு பழைய ஓக் மரத்தை வேரோடு தூக்கி, அதே குழியில் திரும்ப வைத்தது. பிழைக்காது என்று நினைத்தாலும் முட்டுக்கொடுத்து விட்டுவைத்தார்கள். சில வருஷத்தில் அது முன்னைவிடச் செழிப்பாகத் துளிர்த்தது. ஜனங்கள் நடந்து நடந்து இறுகிப்போன மண் அந்த உலுக்கலில் இளகி, வேருக்குக் காற்று கிடைத்ததுதான் காரணம் என்று புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு மற்ற மரங்களின் அடிமண்ணையும் காற்றழுத்தத்தால் இளக்கத் தொடங்கினார்கள். மரத்தை விடாமல் கவனித்ததால் கிடைத்த பாடம் இது.

எண் பலகையும் தாவரப் பெயரும் தொங்கவிட்டு, கூட்டம் சேர்த்து, நிழலில் படம் எடுக்க விட்டீர்கள். அந்த மரங்களின் அடியில் ஒருவர் குனிந்து பார்க்கவில்லை. அன்று நான் போன தோட்டத்தில் பார்த்துச் சொன்ன மூத்த தோட்டக்காரரின் பேச்சையும் யாரும் காதில் வாங்கவில்லை. இந்த ஒன்றை என்னால் மறக்கவே முடியவில்லை. அவருக்குப் பட்டமும் கிடையாது, கருவியும் கிடையாது. காது இருந்தது, முப்பது வருஷமாக அதே மரங்களோடு இருந்தார்.

மீதமுள்ள நான்கு மரங்களின் பரிசோதனைக் குறிப்பைக் காட்டுங்கள். இல்லையென்றால் கோடாரி வருவதற்கு முன் ஒரே ஒரு நாள் கொடுங்கள், தெரிந்தவர்களைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கலாம். அவர் கொடுத்த சுத்தியல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வருகிறேன்.