போஸ்டரில் மட்டும் ரெட்ரோ

பாண்டிச்சேரி கிளப்புகளில் புதன்கிழமை லேடீஸ் நைட், வெள்ளிக்கிழமை டெக்னோ நைட், சனிக்கிழமை பழைய பாட்டுக்கென்று ரெட்ரோ நைட். போஸ்டரைப் பார்த்தால் ஆகா என்றிருக்கும். உள்ளே போனால் எல்லா நைட்டும் ஒரே நைட்!

ரெட்ரோ நைட் என்று நம்பி, கடலூரிலிருந்து என் நண்பன் பெல்பாட்டமும் நாய்க்காது காலர் சட்டையுமாகப் பஸ் ஏறி வந்தான். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாராம். கிளப்பில்? பழைய பாட்டு ஒன்று ஆரம்பித்தது. பல்லவி முடிவதற்குள் டிஜே கையை வைத்துவிட்டார். டும் டும் டும். எதைப் போட்டாலும் அதே மாவாக அரைத்துத் தருகிற கிரைண்டர்!

அதற்கு முன் வாசலில் ஒரு பஞ்சாயத்து. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். எங்கேயோ நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தால், "ஸ்டாக் என்ட்ரி இல்ல சார்." அதாவது, பெண் துணை இல்லாமல் வரும் ஆணுக்கு அனுமதி இல்லை. ஜோடி இல்லாதவனுக்குக் காது இல்லையா? சரி, கெஞ்சிக் கூத்தாடி நுழைந்தால் கவர் சார்ஜ் என்று ஒரு நுழைவுக் கட்டணம். சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாமாம். ஒரு தட்டு ஃப்ரைஸிலேயே பாதி கழிந்துவிடுகிறது. சரக்கு மலிவு என்று பேர் வாங்கிய ஊரய்யா இது!

நடுவில் டிஜே வேறு, "பாண்டி, சத்தம் பத்தலையே!" என்று அலறுகிறார். எப்படிப் பத்தும்? "தண்ணி வேணுமா?" என்று நண்பனிடம் கேட்டேன். "தம்பிக்குக் கல்யாணமா, எப்போ?" என்கிறான்.