டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் சிரிப்பீர்களா?

அந்தக் காணொலியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று இரவிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் நான்கு பேர் சிரிக்கிற பொம்மையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். மூன்று முறை பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது எந்த மாவட்டத்துக் குறைதீர் கூட்டம், மேடையில் மைக் பிடித்தவர் யார் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைத் துண்டு போட்ட பெரியவர் எழுந்து, மருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறார். "ஐயா, இதில் பருத்தி என்று போட்டிருக்கிறது, மிளகாய் என்று போட்டிருக்கிறது. மக்காச்சோளம் என்று எங்கேயும் போடவில்லை. நான் அடிக்கலாமா, கூடாதா?" மேடையிலிருந்து பதில் வருகிறது: "அவசர அனுமதி கொடுத்தாகிவிட்டது பெரியவரே, அடியுங்கள். நீங்கள் டப்பாவைப் படித்து முடிக்கும்வரை புழு காத்துக்கொண்டிருக்குமா?" அரங்கம் முழுக்கச் சிரிப்பு. பெரியவரும் கூடவே சிரித்து, டப்பாவை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்த அரங்கத்திலேயே சட்டம் தெரிந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். நம் நாட்டில் ஒரு பூச்சிக்கொல்லி பொத்தாம்பொதுவாகப் பதிவாவதில்லை. இந்தப் பயிருக்கு, இந்தப் பூச்சிக்கு, இந்த அளவில், அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் அறுவடை என்று பார்த்துப் பார்த்துப் பதிவாகிறது. அந்தக் கணக்குத்தான் டப்பாவில் ஒட்டியிருக்கிற சீட்டு. இதற்கென்று 1968இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி உணவுப் பொருளில் கலந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு விசாரணை, குழு, அறிக்கை என்று பத்து ஆண்டுகள் இழுத்து வந்த சட்டம். அதைத்தான் பெரியவர் கையில் தூக்கிக் காட்டினார். நாம் சிரித்தோம்.

சரி, டப்பாவில் போடாத பயிருக்கும் கொஞ்ச காலத்துக்கு அடிக்கலாம் என்று அரசு கொடுக்கிற இந்த அவசர அனுமதியே கூடாது என்கிறேனா? இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னூட்டத்தில் முதல் ஆளாக வந்து "அப்போது பயிர் அழியட்டும் என்கிறீர்களா?" என்று கேட்கப்போகிறவர் யார் என்றுகூட எனக்குத் தெரியும். வணக்கம் அண்ணா.

பயிர் அழிவதை நான் பார்த்திருக்கிறேன். 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம், இந்தியாவிலேயே முதன்முதலில், மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, ஆப்பிரிக்கா வழியாக வந்தது. அந்த ஐப்பசிக்குள் எங்கள் பெரம்பலூர் பக்கம் வந்துவிட்டது. முதலில் இலையில் கண்ணாடிக் காகிதம் ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டல். அப்புறம் வரிசையாக ஓட்டை. குருத்தை விரித்துப் பார்த்தால் மரத்தூள் கொட்டியதுபோல் எச்சம், அதற்கடியில் புழு, தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில ஒய் எழுத்து. எங்கள் சித்தப்பா இரண்டு ஏக்கர் மானாவாரியில் போட்டிருந்தார். காலையில் குருத்து குருத்தாக விரித்துப் புழுவை எடுத்து நசுக்குவார். எத்தனை குருத்தைத்தான் ஒருவர் விரிக்க முடியும்?

அப்போது மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு என்று பதிவான மருந்து ஒன்றும் கிடையாது. பூச்சியே புதிது, அதன் பெயரில் பதிவு எப்படி இருக்கும்? பின்னால்தான் ஸ்பைனிடோரம், குளோரன்ட்ரனிலிப்ரோல், தையமீதாக்சமும் லாம்ப்டா சைஹலோத்ரினும் சேர்ந்த கலவை என்று சிலவற்றுக்குத் தற்காலிக ஒப்புதல் வந்தது. அதற்குமுன், மருந்துகளைப் பதிவு செய்கிற மத்திய அரசின் பதிவுக் குழு எங்கே இருந்தது என்று கேட்டால், ஃபரீதாபாத்தில் என்பது ஏட்டுக்கணக்கு. எங்களைப் பொறுத்தவரை அது ஊர் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே பரிந்துரை. "இதில் டேங்குக்கு ஒரு மூடி, அதில் இரண்டு மூடி, இந்தப் பொட்டலத்தையும் கலந்துகொள்ளுங்கள்." மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடித்தார் சித்தப்பா.

பயிர் நெஞ்சு உயரம் வந்திருந்தது. மருந்து குருத்துக்குள் இறங்க வேண்டும் என்றால் தெளிப்பான் முனையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் பாதி மருந்து அடிக்கிறவர் மேல்தான். முகத்தில் ஒரு துண்டு, இடுப்பில் லுங்கி, காலில் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது டேங்கில் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தவர், வாந்தி எடுத்தார். வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து?"

எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. "புழு மருந்து" என்றார். "பெயர் வேண்டும் தம்பி. பாஸ்பரஸ் வகை என்றால் அட்ரோபின் போடலாம், வேறு வகை என்றால் வேறு வைத்தியம். டப்பா எங்கே?" என்றார். பதினான்கு கிலோமீட்டர் வண்டியில் திரும்பிப் போய், கைப்பேசி வெளிச்சத்தில் வரப்பு வரப்பாகத் தேடினேன். ஒரு பாட்டில் கிடைத்தது. கிழித்துப்போட்ட பொட்டலம் வாய்க்காலில் பாதியாகக் கிடைத்தது. மூன்றாவதில் சீட்டே இல்லை, ஊறிக் கரைந்து பசை மட்டும் மிச்சம். மருத்துவர் அறிகுறியைப் பார்த்து முடிவெடுத்தார். சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

"உன் சித்தப்பா கதைக்கும் அவசர அனுமதிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான், அன்று அனுமதியே வந்திருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், எனக்கு அவசர அனுமதி வேண்டும். சீக்கிரம் வேண்டும். வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். எந்த மருந்து, எந்தப் பயிர், டேங்குக்கு எத்தனை கிராம், எத்தனை நாள் கழித்துத் தட்டையை மாட்டுக்குப் போடலாம், இந்த அனுமதி எந்தத் தேதியோடு முடிகிறது. ஐந்து வரி. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடை வாசலில் ஒட்டுவதற்கு என்ன செலவு ஆகும்?

டப்பாவுக்குள் தமிழில் துண்டுப்பிரசுரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்கு வைத்திருப்பார்கள். விரித்தால் பல மொழிகளுக்கு நடுவில் எறும்பு ஊர்ந்ததுபோல் தமிழும் இருக்கும். அதுவும் பழைய பதிவுக்கு அச்சடித்தது. நேற்று வந்த அவசர அனுமதி அதில் எப்படி இருக்கும்? அந்தப் பெரியவர் கேட்டது அதைத்தானே?

முடிவுத் தேதி என்று சொன்னேனே, அதில்தான் எனக்கு உண்மையான கோபம். ஒரு மருந்தை மாநில அரசு அவசரமாகத் தடை செய்ய வேண்டுமானால் சட்டத்தில் நாள் கணக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அரசு, தற்கொலைகளைக் காரணம் காட்டி, மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தடை போட்டதே, எத்தனை நாளுக்கு? 60 நாள். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள் வரை நீட்டலாம், அதற்கும்மேல் தடையை இழுக்க வேண்டுமானால் டெல்லிதான் மனது வைக்க வேண்டும். தடைக்குக் கடிகாரம் கட்டியிருக்கிறார்கள். அனுமதிக்குக் கட்டிய கடிகாரம் எங்கே தொங்குகிறது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கடைக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்றார்.

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்கா என்று ஒரு நண்பர் கேட்பார், அவர் லண்டனில் இருக்கிறார். இல்லைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவசர அனுமதிக்கு 120 நாள் வரம்பு உண்டு. ஆனால் தேனீக்களுக்கு ஆபத்து என்று 2018இல் வயல்வெளியில் தடை செய்த மருந்துகளுக்குச் சில நாடுகள் ஆண்டுதோறும் அதே அவசரத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தன. விதைநேர்த்தி, அதாவது விதையிலேயே மருந்து பூசி விதைக்கிற விஷயத்தில் அது செல்லாது என்று 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பிரிட்டனில் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் கிழங்குக்குத் தையமீதாக்சம், 2021 தொடங்கி நான்கு ஆண்டுகள் வரிசையாக அவசரம். 2025இல்தான் மறுத்தார்கள். நான்கு ஆண்டு நீளும் அவசரம் என்ன அவசரமோ! ஆனாலும் அங்கே ஒன்று இருந்தது. நோய் இத்தனை சதவீதத்தைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால்தான் மருந்தைத் தொடலாம் என்று ஓர் எண் வைத்தார்கள், வெளியிட்டார்கள். 2021இல் அந்த எண் 9 சதவீதம். கடுங்குளிரில் அந்த நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி குறைந்து கணிப்பு அதற்குக் கீழே போனது. அனுமதி கையில் இருந்தும் அந்த ஆண்டு மருந்தைப் பயன்படுத்தவில்லை. அதே தையமீதாக்சம்தான் எங்கள் படைப்புழுக் கலவையிலும் இருக்கிறது. எங்களுக்கு எந்த எண் சொன்னார்கள்? "அடியுங்கள் பெரியவரே."

நம் அவசரத்தின் அழகைக் கேளுங்கள். 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யப்போவதாக மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. பட்டியலில் மாலத்தியான் இருந்தது. அதே மே மாதம் ராஜஸ்தானில் வெட்டுக்கிளி மேகம்போல் வந்து இறங்கியபோது, அரசே வண்டி வைத்துத் தெளித்தது என்ன? மாலத்தியான். அதே பட்டியலில் தயோடிகார்பும் இருந்தது. படைப்புழுவுக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நச்சுணவு என்ன? தவிட்டில் வெல்லக் கரைசலை ஊற்றி ஒரு நாள் புளிக்கவிட்டு, போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு தயோடிகார்ப் கலந்து குருத்தில் போட வேண்டும். வெட்டுக்கிளி வந்தால் அடிக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஒரு கையால் ஆபத்து என்று எழுதிக்கொண்டு மறு கையால் தெளிக்கும்போது, நடுவில் நிற்கிற மனிதனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறேன்.

"விவசாயிகள் அளவு மீறி அடிக்கிறார்கள்." ஆமாம், அடிக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அடித்தோம், மேலே எழுதியிருக்கிறேன், ஒளிக்கவில்லை. ஆனால் 0.4 கிராம் என்பதை மூடியால் எப்படி அளப்பது என்று எங்களுக்கு யார் காட்டினார்கள்? 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்து இருபது பேருக்கு மேல் செத்தபோதும் முதலில் சொன்ன காரணம் இதுதான்: பாதுகாப்பு உடை போடவில்லை, கண்டதைக் கலந்தார்கள். செத்தவன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்! வெயிலில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு பத்து டேங்க் அடித்துக் காட்டுங்கள், நான் இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.

"இயற்கை விவசாயத்துக்கு மாறலாமே?" மாறலாமே. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுகிறோம், வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் போடுகிறோம். மேற்கொண்டு ஆலோசனை சொல்ல விரும்புகிறவர்கள் கார்த்திகை மாதம் வாருங்கள், ஆளுக்கு நான்கு வரிசை தருகிறேன், குருத்தை விரித்துப் புழு பொறுக்கலாம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மேடையில் பேசியவர்மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அவருக்கும் மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும், அதில் இவ்வளவுதான் இருந்திருக்கும். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் விவசாயிகள். அவர்களும் சிரித்தார்களே, அதுதான் தூங்கவிடவில்லை. எங்கள் ஆட்களையே டப்பா படிப்பது கேலிக்குரிய காரியம் என்று நம்பவைத்துவிட்டோம்.

சித்தப்பா இப்போது டப்பா எதையும் தூக்கிப்போடுவதில்லை. மாடும் பிள்ளைகளும் எட்டாத உயரத்தில், கொட்டகை உத்தரத்தில் ஒரு கம்பி கட்டி, இந்தப் போகத்தில் அடித்த டப்பாக்களைச் சீட்டு வெளியே தெரியும்படி வரிசையாகக் கோத்துவைத்திருக்கிறார். தண்ணீர் பட்டு அழியாமல் இருக்கச் சீட்டின்மேல் பாலித்தீன் பை சுற்றியிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏன் சித்தப்பா இது என்று கேட்டதற்கு, "டாக்டர் கேட்பாரே தம்பி" என்றார்.

அந்தக் காணொலியை அவருக்கு நான் காட்டவில்லை.