பிரியம் என்ற பெயரில் பாரா

"என் மேல் அவருக்கு உயிர். அதனால்தான் இப்படிச் சந்தேகப்படுகிறார்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. பிரியம் இருக்கும் இடத்தில் பாரா எதற்கு?

கல்லூரித் தோழிகள் சிலர் ஓர் உணவகத்தில் கூடியிருந்தோம். பேச்சு சூடு பிடித்த நேரத்தில் ஒருத்திக்குக் கணவரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவள் எதுவும் சொல்லாமல் கைபேசியை மேசையைச் சுற்றித் திருப்பி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் காட்டினாள். நாங்களும் சிரித்துக் கையசைத்தோம். அழைப்பு முடிந்ததும், ஆறிப்போன தோசையைப் பிய்த்தபடி, "அவருக்குப் பழக்கமாகிவிட்டது" என்றாள். பழகிப்போனவள் அவள்தான்.

இது ஒரு வீட்டின் கோளாறு மட்டுமல்ல. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, திருமணமான பெண்ணோடு உறவு கொண்ட ஆணைக் குற்றவாளி என்றது. ஆனால் அவளுடைய கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை! அவள் சம்மதம் ஒரு பொருட்டாகவே இல்லை. தோட்டத்துக்காரன் அனுமதித்தால் மாங்காய் பறிக்கலாம் என்பது போன்ற கணக்கு. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவை நீக்கியது. கணவன் மனைவிக்கு எஜமானன் அல்ல என்று தீர்ப்பில் வெளிப்படையாகவே சொன்னார்கள். சட்டம் கைவிட்டதை நம் வீடுகள் இன்னும் கைவிடவில்லை.

ஆண்களை மட்டும் சொல்லவில்லை. கணவன் பழைய நண்பர்களோடு பேசினாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் மனைவியரும், மகனுக்குத் திருமணமான பிறகும் அவன் சம்பளக் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்று நிற்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். பெற்று வளர்த்தவளின் ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்கு மருமகள் வட்டி கட்ட வேண்டுமா?

"பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறோம்" என்பார்கள். இரவில் தனியாக வருகிறவளிடம் "எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்பது அக்கறை, சரி. அவள் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகு கைபேசியை வாங்கி, யார் யாரிடம் பேசினாள் என்று தேடுவதில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது? எதுவும் அகப்படாவிட்டாலும் அந்த மனம் ஆறுவதில்லை. அழித்திருப்பாளோ என்றுதான் அடுத்து நினைக்கும். வேவு பார்த்துத் தெளிந்த சந்தேகத்தை நான் இதுவரை கண்டதில்லை. கேட்காமல் இருந்து பழகுவது கடினம்தான். முதல் சில வாரங்கள் கை பரபரக்கும், தூக்கம் கெடும். அந்த அவதியைச் சந்தேகப்படுகிறவர்தான் பட்டுத் தீர வேண்டும். அதை எதிரில் இருப்பவர் தலையில் இறக்கிவைக்க யாருக்கும் உரிமை இல்லை.