மைனர் போட்ட ஒப்பந்தம்: ஒரு திருத்தம்

மைனர் (18 வயது நிரம்பாதவர்) போட்ட ஒப்பந்தத்தை, 18 வயதானதும் அவரே ஏற்கலாம் அல்லது விலக்கலாம் என்று ஒரு குறிப்பு பகிரப்பட்டிருக்கிறது. இந்தியச் சட்டப்படி அப்படியில்லை. அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903-இல் மோஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில், அப்போது இந்தியாவுக்கான உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதைத் தீர்த்துவிட்டது. செல்லாத ஒன்றைப் பின்னர் உறுதிப்படுத்த வழியில்லை. வயது வந்தபின் புதிய மறுபயனோடு (வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு தருவது) புது ஒப்பந்தம்தான் போட வேண்டும்.

குழப்பம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவால் வருகிறது என நினைக்கிறேன் (சட்டத் தேர்விலும் பலர் சறுக்கும் இடம்). விருப்பம்போல் விலக்கும் உரிமையை அது தருவது வற்புறுத்தல், மோசடி, தவறான எடுத்துரைப்பு ஆகியவற்றுக்கு. வயதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வயது 11-ஆம் பிரிவில் வருகிறது. 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் இந்தச் சட்டத்தைத் திறந்து, 10, 11, 19 ஆகிய மூன்று பிரிவுகளையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.