"நல்லா இருக்கிறீங்கதானே?" என்பது கேள்வி இல்லை

கொழும்பில் உளவியல், மருத்துவம், தாதியியல், சமூகப்பணி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இறுதியாண்டு ஆய்வுக்கு அறிவுசார் இயலாமை (சிறு வயதிலிருந்தே விளங்கிக்கொள்வதிலும் கற்பதிலும் உள்ள சிரமம்) உள்ளவர்களைப் பற்றிய தலைப்பை எடுக்கிறார்கள். மனதாரச் சந்தோசப்படுகிறேன். ஆனால் இப்படியான ஆய்வுகளின் வினாக்கொத்தைத் திறந்தால் வருவது என்ன? தாயின் கல்வித் தகைமை, தாயின் மன அழுத்தம், ஆசிரியரின் அபிப்பிராயம். ஆய்வு யாரைப் பற்றியதோ அவரிடம் ஒரு கேள்விகூட இருக்காது. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அவங்களுக்கு விளங்காது. எதைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க."

அந்தப் பதிலில் பாதி உண்மை. மற்றப் பாதி எங்கள் கேட்கும் முறையில் இருக்கிறது. கேட்கத் தெரியாததை அவர்களுடைய குறையாக எழுதி வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட பதிவு.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். 1981இல் அமெரிக்காவில் காரல் சீகல்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் அறிவுசார் இயலாமை உள்ளவர்களிடம் ஒரே விடயத்தை இரண்டு எதிர்மாறான கேள்விகளாகக் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் ஒருவர் ஓம் சொன்னால் ஏதோ ஒரு ஓம் பிழை. அப்படி இரண்டுக்கும் ஓம் சொன்னவர்கள் மிக அதிகம். "இதுவா, அதுவா" என்று கேட்டால் கடைசியாகக் காதில் விழுந்ததைத் தெரிவு செய்யும் போக்கும் இருக்கிறது. படத்தைக் காட்டிக் கேட்கும்போது இந்தச் சிக்கல்கள் குறைகின்றன. இந்தக் கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டுதான் "இவர்களிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை" என்று பலர் கதவை மூடினார்கள்.

1996இல் மார்க் ராப்லி, சார்ள்ஸ் அன்டாகி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படியான நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளை வரிக்கு வரி எழுத்தாக்கிப் பார்த்தார்கள். அங்கே வேறு ஒரு காட்சி தெரிந்தது. ஒருவர் பதில் சொல்கிறார். அது படிவத்திலுள்ள கட்டத்துக்குள் விழவில்லை. கேட்பவர் அதே கேள்வியைச் சொல் மாற்றித் திரும்பக் கேட்கிறார். இவர் பதிலை மாற்றுகிறார். பள்ளிக்கூடத்தில் இருந்த யாருக்கும் இதன் காரணம் தெரியும். டீச்சர் அதே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் முதல் பதில் பிழை என்றுதானே அர்த்தம். ஆயுள் முழுக்க மற்றவர்களால் திருத்தப்பட்டு வந்த ஒருவர் அந்தச் சைகையை எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார். அவர் பதிலை மாற்றுவது விளங்காமையால் அல்ல, எங்கள் முகத்தை அவருக்கு நன்றாகவே விளங்குவதால்.

இப்போது தமிழுக்கு வருவோம். ஆங்கிலப் பாடநூல்கள் இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுக்காது.

முதல் எதிரி "தானே". "நல்லா இருக்கிறீங்கதானே?", "ஸ்கூல் பிடிக்கும்தானே?" கொழும்பில் வாயைத் திறந்தால் தானே வருகிறது. அது கேட்பதே இல்லை, பதிலைக் கையில் திணிக்கிறது. ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது தானே வந்த இடங்களுக்கெல்லாம் சிவப்பில் வட்டம் போட்டு, அந்தப் பதில்களைத் தரவிலிருந்து விலக்குங்கள். முதல் மூன்று நேர்காணலில் எத்தனை வட்டம் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தாலே பேச்சு தானாகத் திருந்திவிடும்.

அடுத்தது எதிர்மறைக் கேள்வி. "இரவில பயம் இல்லையா?" என்றதற்கு "ஓம்" என்று பதில் வந்தால், பயம் இருக்கிறது என்றா, இல்லை என்பதற்கு ஓமா? தமிழில் இரண்டாகவும் எடுக்கலாம். மொழிபெயர்த்த அளவுகோல்களில், அதாவது மனநிலையை அளக்கும் ஆயத்த வினாக்கொத்துகளில், இப்படியான வரிகள் நாலைந்தாவது ஒளிந்திருக்கும், ஒவ்வொன்றையும் நேராக்குங்கள். "ஏன்" என்பதையும் விட்டுவிடுங்கள். "ஏன் அழுதனீங்க?" என்பது எங்கள் காதில் கேள்வி, அவர் காதில் ஏச்சு. "அழுத அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் கதை வரும்.

பிறகு சொற்கள். "மனச்சோர்வு", "பதகளிப்பு", "பெறுமதியற்ற உணர்வு" எல்லாம் பரீட்சைத்தாள் தமிழ். எங்கள் ஆட்கள் கவலையைச் சொல்வது "ஒரே யோசினை", "மனசு சரியில்ல", "நெஞ்சு படபடக்குது" என்று. யோசிப்பது என்ற சொல்லே இலங்கைத் தமிழில் கவலைப்படுவதையும் குறிக்கும். அதைச் "சிந்தித்தல்" என்று திருத்தி எழுதினால் கேள்வி செத்துவிடும். கொழும்பில் இன்னொரு அடுக்கும் உண்டு. கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ வளரும் ஒருவர் வீட்டில் தமிழ் பேசினாலும், கோபத்துக்கு அவர் அதிகம் கேட்ட சொல் சிங்களத்து "தரஹ" ஆக இருக்கலாம். முஸ்லிம் வீட்டில் "அம்மா" என்று கேட்டால் யாரைக் கேட்கிறீர்கள் என்று முழிப்பார், அங்கே உம்மா. ஆகவே நேர்காணலுக்கு முன்னர் வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் ஒரு சின்னச் சொல்லகராதி எடுங்கள்: சந்தோசம், கவலை, கோபம், பயம், நோவு ஆகிய ஐந்துக்கும் இவர் வாயில் வரும் சொல் என்ன? அந்த ஐந்தையும் வினாக்கொத்தின் மேலே எழுதிவைத்து அவற்றாலேயே கேளுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழ், தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலம் என்று மொழிபெயர்த்துச் சரிபார்த்தோம் என்று எழுதுவதுடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டார்கள் என்பதை மட்டுமே காட்டும். பங்குபற்றப்போகிறவர்களைப் போன்ற ஐந்து பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, "நான் என்ன கேட்டனான்? உங்கட வாயால சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் வேறு எதையோ சொன்னால் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போடலாம்.

விடைகளின் அளவு. "ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை ஐந்து படி வைத்துவிட்டு, எல்லோரும் கடைசிப் படியையே தொட்டார்கள் என்று வருத்தப்படுவதில் நியாயம் இல்லை. தொடங்க முன்னமே அவரால் எத்தனை படி பிரிக்க முடியும் என்று பார்க்க வேண்டும். ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் கிளாஸ் எடுங்கள். ஒன்று வெறுமை, ஒன்றில் பாதித் தண்ணீர், ஒன்று நிறைய. "எதில கூட இருக்கு? எதில ஒண்டுமே இல்ல?" சரியாகக் காட்டினால் அடுத்தது: "உங்களுக்குச் சரியான விருப்பமான சாப்பாடு எது? அந்த விருப்பம் எந்தக் கிளாஸ் அளவு? விருப்பமே இல்லாத சாப்பாடு?" இதையும் செய்தால் மூன்று படி தாங்கும். தடுமாறினால் இரண்டு கிளாஸ். அதுவும் இயலாவிட்டால் அளவுகோலை விட்டுவிட்டு, படம் வைத்துப் பேசுங்கள், கூட இருந்து கவனியுங்கள். சிரிக்கும் முகம், அழும் முகம் படங்களை நான் அவ்வளவு நம்புவதில்லை. சிரிக்கும் முகம் வடிவாக இருக்கிறது என்பதற்காகவே பலர் அதைத் தொடுவார்கள். படங்களை இடம் வலம் மாற்றி வைத்தும் ஒருமுறை கேட்க வேண்டும்.

ஓம் சொல்லும் போக்கைச் சோதிக்க, விடை எல்லோருக்கும் தெரிந்த இரண்டு கேள்விகளை நடுவில் போடலாம். உங்கள் கையிலுள்ள மணிக்கூட்டைக் காட்டி "இது உங்கட மணிக்கூடா?" என்பது ஒன்று. எதிர்மாறான சோடிக் கேள்விகள் ஒன்றுக்கொன்று ஐந்தாறு கேள்வி தள்ளி நிற்கட்டும், அடுத்தடுத்து வந்தால் ஏமாற்றுவது போலிருக்கும். இதில் தவறியவரை ஆய்விலிருந்து நீக்குவதுதான் வழமையான பிழை. நீக்க வேண்டியது அவரை அல்ல, ஓம்–இல்லை என்ற வடிவத்தை. அவருக்குத் திறந்த கேள்வியும் படமும் கொடுத்து, எத்தனை பேருக்கு அப்படி மாற்றினீர்கள் என்பதையும் ஆய்வறிக்கையில் எழுதுங்கள்.

"கடந்த இரண்டு வாரங்களில்" என்று எந்த வினாக்கொத்தும் தொடங்கும். இரண்டு வாரம் பலருக்கு வெறும் காற்று. ஆடிவேல் தேர் பார்த்த பிறகா, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்குப் பிறகா, வெசாக் கூடு பார்க்கப் போனதற்குப் பிறகா, நோன்புப் பெருநாளுக்குப் பிறகா என்று அவருடைய நாட்காட்டியில் ஆணி அடித்துக் கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் தாங்க முடியாமல் கேட்பவர் வாய் திறக்கும் இடத்தில்தான் பாதித் தரவு கெடுகிறது. ஒரு அமர்வு 20 அல்லது 30 நிமிடம் போதும், மிச்சம் இன்னொரு நாள்.

35 வயது ஆணை "பிள்ளை" என்றும் "நீ" என்றும் கூப்பிட்டுவிட்டு அவரிடமிருந்து வளர்ந்த மனிதரின் பதிலை எதிர்பார்க்கக் கூடாது. அவரை முன்னால் வைத்துக்கொண்டு தாயிடம் "இவன் நித்திரை கொள்வானா?" என்று கேட்பது அதைவிட மோசம். நீங்கள், அண்ணா, அக்கா. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வலிக்கிறது.

அம்மாமாரைக் கேட்கவே வேண்டாமா? கேட்க வேண்டும், அவர்களுக்குத் தெரிந்ததை. நித்திரை, சாப்பாடு, எடை, வலிப்பு, மருந்து போன்ற கண்ணுக்குத் தெரிகிறவற்றில் தாயின் பதில் நம்பத்தக்கது. பயம், கவலை, நோவு, தனிமை போன்ற உள்ளே நடப்பவற்றில் மற்றவர் பதிலும் அந்த ஆளின் சொந்தப் பதிலும் விலகிப்போகும். 1982இல் ஸ்டீவன் றைஸ் குழுவினர் உளவியலாளர்களிடம் ஒரே நோய்க்குறிகளுடைய விபரத்தைக் கொடுத்தார்கள். அறிவுசார் இயலாமை இருப்பதாக எழுதியிருந்தபோது அதே பயத்தை அவர்கள் குறைவான சிக்கலாகவே மதிப்பிட்டார்கள். இயலாமை முன்னால் நின்று மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. கன்னத்தில் அடித்துக்கொள்கிறவருக்குப் பல்லையும் காதையும் பார்க்காமல் "இவருடைய சுபாவம்" என்று எழுதுவது அதே மறைப்புத்தான். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவர் மந்தமாகிப் போனால் மறதிநோய் என்று முடிவுகட்ட முன்னர் தைரொயிட், காது கேட்கும் திறன், நித்திரையில் மூச்சுத் தடைப்படுவது ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும்.

சம்மதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் வரலாறு அழுக்கானது. நியூயோர்க்கின் வில்லோபுறூக் பாடசாலையில் 1956 தொடங்கி அறிவுசார் இயலாமையுள்ள பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே ஈரல் அழற்சிக் கிருமியைக் கொடுத்தார்கள். சுவீடனின் விப்பெஹோல்ம் வைத்தியசாலையில் 1945க்குப் பிறகு இப்படியானவர்களுக்குப் பல் சிதையும் வரை ஒட்டும் டொபி தின்னக் கொடுத்தார்கள். இனிப்பும் பற்சொத்தையும் பற்றி இன்று உலகம் சொல்லும் புத்திமதிக்கு அவர்களுடைய பற்கள் விலை. மசாசுசெட்ஸின் பெர்னால்ட் பாடசாலையில் 1946 முதல் 1953 வரை கதிரியக்கம் கலந்த ஓட்ஸ் கஞ்சி. பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. வில்லோபுறூக்கில் பெற்றோர் கையெழுத்து இருந்தது என்பதைக் கவனியுங்கள். இடமில்லாமல் வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு அந்த ஆய்வு வாட்டின் கதவு மட்டும் திறந்திருந்தது. பெற்றோர் கையெழுத்து மட்டும் ஒருவரையும் காப்பாற்றாது.

இதற்குப் பயந்து அவர்களை ஆய்விலிருந்தே ஒதுக்கிவிடுவதும் இன்னொரு அநியாயம். ஆத்திரப்படுகிறார் என்பதற்காக மனப்பிறழ்வுக்கான ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் மாத்திரைகளை இவர்களுக்குப் பல வருடங்களாக எழுதி வந்தார்கள். பீட்டர் டைரர் குழுவினர் 86 வளர்ந்தவர்களை மூன்று பிரிவாக்கி, அந்த இரண்டு மருந்தையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வாரத்தில் மூன்று பிரிவிலும் ஆத்திரம் குறைந்தது. அதிகமாகக் குறைந்தது வெற்று மாத்திரைப் பிரிவில். அவர்களைச் சேர்த்து ஆராய்ந்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 15ஆம் உறுப்புரை, ஒருவருடைய சுதந்திரமான சம்மதமின்றி அவரை மருத்துவ, விஞ்ஞானப் பரிசோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. ஆய்வுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழுவுக்குப் பாதுகாவலர் கையெழுத்துப் படிவத்தை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். விளக்கத்தாள் ஒரு பக்கம், 14 புள்ளிக்குக் குறையாத எழுத்து, ஒரு வசனத்துக்கு ஒரு விடயம், உங்கள் முகத்தின் படம், ஒலிப்பதிவுக் கருவியின் படம். முதல் நாள் விளக்கிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டாம் நாள் நாலு கேள்வி: நான் எதைப் பற்றிக் கதைக்க வந்தனான்? நாங்கள் என்ன செய்யப்போறம்? உங்களுக்கு வேண்டாமெண்டா என்ன செய்யலாம்? நீங்க சொல்றது யாருக்குத் தெரியவரும்? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை, படிவத்தில் எத்தனை கையெழுத்து இருந்தாலும். "வேண்டாமெண்டாலும் கிளினிக்கில மருந்து தருவாங்க, மிஸ் ஏசமாட்டா" என்று அவர் பயப்படும் விடயத்தைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

நிறுத்தச் சொல்ல ஒரு சிவப்பு அட்டை கொடுப்பது நல்ல முறை. ஆனால் கொடுத்தால் போதாது, பழக்க வேண்டும். சும்மா எதையாவது பேசத் தொடங்கி, அவரை அட்டையைத் தூக்கச் சொல்லி, தூக்கிய உடனே வாயை மூடிக்காட்டுங்கள். இரண்டு தரம். பெரியவர் ஒருவர் தன் கையசைவுக்கு நிற்பதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அட்டையைத் தூக்காமலே முகத்தைத் திருப்பினால், எழும்பினால், அம்மாவைத் தேடினால், ஒற்றைச் சொல்லுக்கு இறங்கிவிட்டால் அதுவும் வேண்டாம் என்பதே.

தாய் எங்கே இருப்பது? பார்வைக்குள், காதுக்கு எட்டாமல். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் ஒரு அறை வீட்டில் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மூலையைக் கேட்டுப் பாருங்கள். இயலாவிட்டால் தாய் பக்கத்தில் இருந்தார் என்று அந்த நேர்காணலின் தலைப்பிலேயே எழுதுங்கள். யாராவது தனக்கு நடக்கும் கொடுமையைச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன என்பதை மேற்பார்வையாளருடன் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம், 18 வயதுக்குட்பட்டவர் என்றால் 1929, மனநல உதவிக்கு 1926. அந்த நேரத்தில் தொலைபேசியில் இலக்கம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பஸ் காசு, நேரத்துக்கான கொடுப்பனவு எதுவானாலும் அவருடைய கையில் கொடுங்கள், தாய் பக்கத்தில் நிற்கட்டும். முடிவு வந்தபின் ஒரு பக்கத்தில், படத்துடன், அதே ஐந்து சொற்களால் எழுதி, அதே இடத்துக்குப் போய் வாசித்துக் காட்டுங்கள். "இது சரியா?" என்று மட்டும் கேட்டால் ஓம் வரும். "இதில எது பிழை?" என்று கேட்டுவிட்டு, பத்து வரை எண்ணுங்கள்.