சுணங்கு

(நாயைக் காணவில்லை. அறிவிப்பு எழுதுவதாகச் சொல்லித் தம்பி நெடுநேரமாக அகராதியோடு உட்கார்ந்திருக்கிறான். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.)

அக்கா: எழுதியாயிற்றா?

தம்பி: "காணவில்லை" வரை வந்துவிட்டேன். உடம்பில் இருக்கும் புள்ளிக்குத்தான் சரியான சொல் அமையவில்லை.

அக்கா: புள்ளிக்குப் புள்ளி என்றே எழுதித் தொலையேன்!

தம்பி: "பெரும்புள்ளி" என்றால் ஆள். சுவரில் "பெரிய புள்ளி, காணவில்லை" என்று ஒட்டிப் பார். எந்த அரசியல்வாதி தலைமறைவு என்று ஊரே விசாரிக்கும்.

அக்கா: வேறு என்னதான் வைத்திருக்கிறாய்?

தம்பி: பொறி. பழைய தமிழில் புள்ளிக்கு அப்படியும் பெயர். ஆனால் இன்று பொறி என்றால் எலிதான் நினைவுக்கு வரும். அப்புறம் புகர். யானை முகத்துப் புள்ளிக்குச் சங்கப் புலவர்கள் சொன்னது. நம் நாய்க்கு முகம் அவ்வளவு அகலம் கிடையாது.

அக்கா: அது இந்நேரம் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

தம்பி: அதனால்தான் முடிவெடுத்துவிட்டேன். சுணங்கு!

அக்கா: அது என்ன நோய்?

தம்பி: நோயா! சங்க இலக்கியத்தில் தலைவியின் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளிகள் அக்கா. வேங்கைப் பூவைப் போல இருக்கும் என்று புலவர்கள் மாறி மாறிப் பாடியிருக்கிறார்கள்.

அக்கா: அகராதியை இப்படிக் கொடு. சுணங்கு... தேமல். தேமலா? பூஞ்சையால் வருமே, களிம்பு தடவுவார்களே, அதுவா?

தம்பி: தலைவன் பார்த்தால் வேங்கைப் பூ. தோல் மருத்துவர் பார்த்தால் பூஞ்சை. பார்க்கிறவரைப் பொறுத்தது.

அக்கா: எப்படியானாலும் அது தலைவிக்கு. நம்முடையது கடுவன் நாய்.

தம்பி: அதே பக்கத்தில் பார், சுணங்கன்! பொருள், நாய். நிகண்டிலேயே உண்டு. "சுணங்குடைய சுணங்கனைக் காணவில்லை." எதுகையும் மோனையும் ஒரே வரியில்!

அக்கா: வழியில் போகிறவன் இதைப் படித்துவிட்டு எதையடா தேடுவான்? இன்னொரு பொருளும் போட்டிருக்கிறது, கேள். சுணங்குதல், தாமதித்தல். சுணக்கம் என்கிறோமே, அது. காலையிலிருந்து நீ செய்துகொண்டிருப்பது.

தம்பி: அது வினைச்சொல். நான் சொல்வது பெயர்ச்சொல்.

அக்கா: வினைதான், வேறென்ன! தாளைக் கொடு. தலைவி, வேங்கை, எதுகை எல்லாம் இருக்கிறது. தொலைபேசி எண் எங்கே?

தம்பி: இடம் போதவில்லை.

அக்கா: இது என்ன, "பொன்னிறச் சுணங்கு"? நம் நாய்க்குக் கறுப்புப் புள்ளியடா!

தம்பி: கறுப்புச் சுணங்கை எந்தப் புலவரும் பாடவில்லையே, நான் என்ன செய்ய?