தண்ணி மேலே ஏறுமாடா?

மழை எச்சரிக்கை வந்தாலே என் போனில் இரண்டு வகைச் செய்திகள் குவியும். எந்த வருடத்து வெள்ளமோ, அந்த வீடியோவுக்கு "சற்றுமுன்" என்று தலைப்புப் போட்டு அனுப்புவது ஒரு வகை. சூரியகாந்திப் பூவின் மேல் "நல்லதையே நினை, நல்லதே நடக்கும்" என்று எழுதி அனுப்புவது இன்னொரு வகை. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இரண்டையுமே பத்து நிமிட இடைவெளியில் அனுப்புவார்.

போன வாரம் டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர், "நீ நல்லதா நினைச்சா தண்ணிக்குத் தெரியுமா? பயந்தவன்தான் பிழைப்பான்" என்றார். 2024 டிசம்பருக்கு முன்னால் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். இப்போது முடியவில்லை. ஏன் என்று டீக்கடையில் நின்று சொல்ல நேரம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் நடுவில் இருக்கிறது. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மா, கொஞ்சம் மானாவாரிக் கொல்லை, பதினோரு ஆடுகள். பழைய தர்மபுரி மாவட்டக்காரர்களுக்கு மழை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இங்கே ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 80, 90 சென்டிமீட்டர்தான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மொத்தமாக ஏமாற்றியபோது, காய்ந்துபோன மாமரங்களுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றினார்கள் எங்கள் பக்கத்து விவசாயிகள். காய்க்காக இல்லை, மரம் சாகாமல் இருப்பதற்காக. இப்படிப்பட்ட ஊரில் "கனமழை எச்சரிக்கை" என்பதே விசித்திரமான சொல். மழைக்கு எதற்கு எச்சரிக்கை? அம்மா இன்றுவரை மழையைப் பார்த்து "போதும், நின்னுடு" என்று சொன்னதில்லை, எங்களையும் சொல்லவிட்டதில்லை. சின்ன வயதில் விளையாடப் போக முடியவில்லை என்று மழையைத் திட்டியதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அதோடு கதை முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். புயல் கடற்கரைக்காரர்களின் சமாச்சாரம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அது கரை ஏறிய பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. அப்புறம் வலுவிழந்து மெதுவாக மேற்கே நகர்ந்து, ஞாயிறு இரவு எங்கள் தலைக்கு மேல் வந்தது. திங்கள் காலை வரையான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். அரூரில் 33. ஆறு மாதத்து மழை ஒரே ராத்திரியில் இறங்கினால் எங்கள் ஏரிகளும் ஓடைகளும் என்ன செய்யும்? ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் சாலையின் குறுக்கே பாய்ந்து, ஓரமாக நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தீப்பெட்டி போல உருட்டிக்கொண்டு போனதை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஞாயிறு நான் மனைவி, மகளோடு ஊரில்தான் இருந்தேன். சாயங்காலம் ஓசூர் கிளம்ப வேண்டியது, மழையால் தள்ளிப்போட்டோம். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. பத்து மணி வாக்கில் ஓடைச் சத்தம் வீட்டுக்குள் கேட்க ஆரம்பித்தது. அந்த ஓடையை நான் பிறந்ததிலிருந்து மணலாகத்தான் பார்த்திருக்கிறேன். போனில் சார்ஜ் இருந்தது, அதுதான் வினை. ஒவ்வொரு நிமிடமும் திறந்து பார்த்தேன். பத்தரைக்கு ஒரு குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கப் பேசும் ஒரு ஆள்: "சாத்தனூர் அணை உடைஞ்சிடுச்சு, தென்பெண்ணை ஓரம் இருக்கிறவங்க எல்லாம் உடனே வெளியேறுங்க!"

எனக்குக் கை நடுங்கியது. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் சீறிப் பாய்ந்த காட்சி ஞாபகத்துக்கு வந்தது. அப்போதும் அணை போய்விட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். போனது ஒரு ஷட்டர் மட்டும். ஆனால் அந்த நேரத்தில் அந்த இரண்டாவது பாதி எனக்கு ஞாபகம் வரவில்லை. கார் சாவியை எடுத்தேன். அரூர் வழியாகச் சேலத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். மகளைப் போர்வையோடு தூக்கினேன்.

அம்மா டார்ச்சோடு வாசலில் நின்றாள். "என்னடா?" என்றாள்.

"சாத்தனூர் அணை உடைஞ்சிடுச்சாம்மா."

அம்மா என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "சாத்தனூர் நமக்குக் கீழயா, மேலயா?"

நான் பதில் சொல்லவில்லை.

"கேக்கறன் இல்ல. கிருஷ்ணகிரி அணை மேல. அங்கிருந்து வந்து, அனுமன்தீர்த்தம் தாண்டிப் போய், அதுக்கப்புறம்தான் சாத்தனூரு. அது உடைஞ்சா தண்ணி மேலே ஏறுமாடா?"

படித்தவன் நான். ஆறாம் வகுப்பில் நதிப்படம் வரைந்து மார்க் வாங்கியவன். தென்பெண்ணை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக்கூடப் பயம் என் தலையிலிருந்து துடைத்துவிட்டிருந்தது. (சாத்தனூர் உடையவும் இல்லை. 2-ஆம் தேதி விடியற்காலையில் அங்கிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். அதுவே கீழே இருந்தவர்களுக்குப் பேரழிவு.)

ஊரைவிட்டு வெளியே போக எங்களுக்கு இருந்த ஒரே வழி ஓடையின் மேல் போட்ட தரைப்பாலம். விடிந்து போய்ப் பார்த்தபோது பாலத்தின் பாதி இல்லை. ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் கார் நிலைகொள்ளாது, இரண்டடி இருந்தால் அநேக வண்டிகள் மிதந்துவிடும் என்று அப்புறம் படித்தேன். என் நண்பர் சொன்ன அந்தப் பயம், அந்த ராத்திரியில் என்னை என் மகளோடு அந்தப் பாலத்துக்குத்தான் அனுப்பப் பார்த்தது.

அம்மா பயப்படவில்லையா என்று கேட்டால், அவளுக்கும் ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் யோசித்தது வேறு. "வந்தா இந்த வாசப்படி வரைக்கும் வரும். பெரியப்பா ஊடு மேட்டுல இருக்குது, மெத்தை ஊடு. அங்க போயிடலாம்" என்றாள். பட்டா, ரேஷன் கார்டு, என் மகளின் மருந்து எல்லாம் ஒரு உரச்சாக்குப் பைக்குள் சுருட்டி, அரிசி டிரம்மில் போட்டு மூடி, டிரம்மைப் பரண்மேல் ஏற்றச் சொன்னாள். கேஸ் சிலிண்டரைக் கழற்றி மேலே வைக்கச் சொன்னாள். பிறகு என்னிடம், "ஆட்டை எண்ணி ஓட்டிக்கிட்டு வா" என்றாள். இது ஆடுகளுக்காக மட்டும் சொன்னதில்லை என்று இப்போது நினைக்கிறேன். இருட்டில், கொட்டுகிற மழையில், நகர்ந்துகொண்டே இருக்கிற ஆடுகளை எண்ணும்போது குரல் பதிவு கேட்க முடியாது. மூன்று தடவை எண்ணினேன். பத்துதான் வந்தது. ஒரு குட்டி குறைந்தது. அது அன்றைக்கும் கிடைக்கவில்லை, அப்புறமும் கிடைக்கவில்லை.

பெரியப்பா வீட்டில் அன்று முப்பது பேருக்குமேல் இருந்தோம். அம்மா அங்கேயும் சும்மா இருக்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்துக் களி கிண்ட ஆரம்பித்துவிட்டாள். "விடிஞ்சா எல்லாருக்கும் பசிக்கும் இல்ல?" என்றாள். விடியும் என்பதில் அவளுக்கு அந்த அளவுக்குச் சந்தேகம் இல்லை. எனக்குத் தெரிந்து நேர்மறை எண்ணம் என்றால் இதுதான், வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இனி எங்கள் ஊர் மாமா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீடு ஓடைக்கு ஒட்டினாற்போல. ஒன்பது மணிக்கே அவரைக் கூப்பிட்டார்கள். "நாப்பது வருசமா பாக்கறேன், இந்த ஓடையில கணுக்கால் தண்ணி வந்ததில்ல. ஒண்ணும் ஆவாது போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்துவிட்டார். இரண்டு மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. கயிறு போட்டுத்தான் அவரையும் அத்தையையும் மேட்டுக்கு இழுத்தோம். கொட்டகையில் கட்டியிருந்த இரண்டு மாடுகளும் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தாலாவது நீந்தியிருக்கும்.

இவரைக் காட்டித்தான் என் நண்பர் போன்றவர்கள், "பாத்தியா, நல்லதே நடக்கும்னு நினைச்சவன் கதியை" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். பல மாதம் கழித்து ஒருநாள் மாமா தானாகவே சொன்னார்: "எனக்குத்தான்டா அன்னிக்கு எல்லாரையும்விடப் பயம். சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்தேன்."

அந்தப் பேச்சு என்னை ரொம்ப நாள் விடவில்லை. அவர் கதவைச் சாத்தியதும் நான் கார் சாவியை எடுத்ததும் ஒரே காரியம்தான். இரண்டு பேருமே ஓடையைப் பார்க்கவில்லை. நான் போனைப் பார்த்தேன், அவர் கம்பளிக்குள் பார்த்தார். அம்மா மட்டும் மூன்று தடவை டார்ச்சோடு போய், கரையோரப் புளியமரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணும் ஆவாது" என்கிறவனைத் தைரியசாலி என்று நினைத்து ஏமாறுகிறோம். பாதி நேரம் அவன்தான் அதிகம் நடுங்குகிறவன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நானும் சூரியகாந்திப் பூ அனுப்புகிறவன் ஆகிவிடுவேன். அதே டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் புதைந்து போனார்கள். 5 பேர் குழந்தைகள். அவர்கள் என்ன நினைத்திருந்தாலும் அந்த மலை நின்றிருக்காது. அந்தச் சொந்தங்களிடம் போய் நேர்மறையாக இருங்கள் என்று சொல்கிறவனை நான் மதிக்கமாட்டேன். எண்ணத்துக்கு ஓர் எல்லை உண்டு. நான் பேசுவது அந்த எல்லைக்கு இந்தப் பக்கம், கையும் காலும் இன்னும் நம்மிடம் இருக்கிற அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி.

அந்தச் சில மணி நேரத்தை டிவி எப்படிச் சாப்பிடுகிறது என்பதும் எனக்குக் கோபம்தான். சிவப்பு எழுத்து, இடி முழக்கப் பின்னணி இசை. அத்தனையும் காட்டிவிட்டு, உன் ஊரில் எந்த ஓடை எவ்வளவு ஏறும், போய்த் தங்க எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், 1077-க்குக் கூப்பிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும் என்பதைச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. முன்பு எங்கள் ஏரிக்கு ஒரு நீர்கட்டி இருந்தார். மழைக்காலத்தில் ராத்திரி கரைமேல் நடந்து பார்த்துவிட்டு, "கரை நல்லா இருக்குது, தூங்குங்க" என்றோ, "ரெண்டு பேரு மம்முட்டி எடுத்துக்கிட்டு வாங்க" என்றோ சொல்லிவிட்டுப் போவார். இந்த இரண்டு வாக்கியம் போதும் ஊருக்கு. இப்போது அந்த வேலையைப் பார்க்க ஆள் இல்லை.

என் மகளுக்கு அந்த ராத்திரிக்குப் பிறகு மழைச் சத்தமே ஆகவில்லை. ஓசூர் வீட்டில் தகரத்தில் நாலு துளி விழுந்தாலும் என் கட்டிலுக்கு வந்துவிடுவாள். "ஒண்ணும் இல்லடா, பயப்படாதே" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒரு பயனும் இல்லை. லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாதான் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தது, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் பூசை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துத் தண்ணீரில் பூ விட்டிருந்தார்கள். அம்மா அவள் கையிலும் ஒரு சாமந்தியைக் கொடுத்து விடச் சொன்னாள். பூ சுழன்றுகொண்டே ஓடைக்குள் இறங்கியது.

"பாட்டி, இது எங்க போவும்?"

"ஓடையில போயி ஆத்துல சேரும். அப்புறம் அனுமன்தீர்த்தம். அப்புறம் சாத்தனூரு. அதுக்கும் கீழ கடலூரு, அங்க கடல்ல போயிடும்."

மகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கடலூர்ல இருக்கிற பாட்டிங்க ஆட்டையெல்லாம் மேல கட்டிட்டாங்களா?" என்றாள்.

"கட்டியிருப்பாங்க சாமி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உன்கூடப் படிச்ச பையன் அங்கதான இருக்கான்? இங்க கோடி போவுதுன்னு ஒரு போன் போட்டுச் சொல்லு."